அடித்தவனிடம் 'ஏன்' என்று கேட்டவர்

மூன்று நாளாக உன் கேள்வியை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன், மக்ளே. களியக்காவிளையில் பஸ் ஏறிப் போய் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாய். காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும், உட்கார விடுவதில்லை. ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போச்சு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் 'பாண்டி' என்று, தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற பெயரால் கூப்பிடுகிறார். போன மாதம் உன் உடம்பைப் பற்றி ஏதோ சொன்னார், நீ ஸ்டோர் ரூமில் போய் அழுதாய். ஜெபக்கூட்டத்தில் சொன்னபோது ஒரு அக்கா, "இயேசு சிலுவையில் வாய் திறந்தாரா? சகிச்சுக்கோ. சிலுவை சுமக்காதவளுக்குக் கிரீடம் இல்லை" என்றாராம். பதில் பேசினாலோ புகார் கொடுத்தாலோ விசுவாசம் குறைந்ததாகிவிடுமா என்று கேட்கிறாய். அந்த ஆளுக்காக ஜெபிக்க வாய் வரவில்லை, அது பாவமா என்றும் கேட்கிறாய்.

முதல் கேள்விக்குப் பதில்: குறையாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

அந்த அக்கா சொன்னதிலிருந்தே தொடங்குவோம். சிலுவையில் இயேசு வாய் திறந்தார். ஏழு தடவை திறந்தார். வருடா வருடம் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் விசிறியை ஆட்டிக்கொண்டு நாம் கேட்கிற ஏழு வார்த்தைகளும் அவர் தொங்கிக்கொண்டு பேசியவைதானே? அதில் ஒன்று "தாகமாயிருக்கிறேன்". தன் உடம்புக்கு என்ன தேவை என்று வெளியே சொன்னார். இன்னொன்று பிதாவைப் பார்த்தே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கேள்வி. கடவுளிடமே 'ஏன்' கேட்டவரைக் காட்டி, ஒரு ஜவுளிக்கடை சூப்பர்வைசரிடம் 'ஏன்' கேட்கக் கூடாது என்று சொல்வது எனக்குப் புரியவே இல்லை.

அதற்கு முந்தைய இரவையும் பார். பிரதான ஆசாரியன் வீட்டில் விசாரணை நடக்கிறது. ஒரு சேவகன் இயேசுவின் கன்னத்தில் அறைகிறான். யோவான் 18-ஆம் அதிகாரத்தில் அவர் சொன்ன பதில் இருக்கிறது: நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்? மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை. ஆனால் குற்றம் என்ன, அதற்குச் சாட்சி எங்கே என்று கேட்டார். சரியான கேள்வி. பிறகு ஏரோதின் முன்னால் நிறுத்தியபோது ஒரு வார்த்தை பேசவில்லை. ஏரோது நியாயம் விசாரிக்கவில்லை, வேடிக்கை பார்க்க நினைத்தான். எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். அவருடைய மௌனம் யாரும் அவர் வாயைப் பொத்தியதால் வந்த மௌனம் இல்லை. நாம் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற மௌனம் பெரும்பாலும் அந்த வாயைப் பொத்துகிற வகை, அதற்கு வைத்திருக்கிற பெயர்தான் பொறுமை.

மறு கன்னத்தைப் பற்றி ஒரு விளக்கம் உண்டு. மத்தேயு 5-இல் "வலது கன்னத்தில்" என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறது. எதிரே நிற்கிறவன் வலது கையால் உன் வலது கன்னத்தில் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் முடியும். அது அந்தக் காலத்தில் எஜமான் அடிமையை அவமானப்படுத்துகிற அடி. மறு கன்னத்தைத் திருப்பிக் காட்டுவது என்றால் 'என்னைச் சமமானவனாக நினைத்து அடி, புறங்கையால் அடிக்கிற ஆள் நான் இல்லை' என்று நிமிர்வது என்பார்கள். இதை நான் முழுதும் நம்புகிறேனா என்றால், பாதிதான். மலைப்பிரசங்கம் நம்மிடம் கேட்பது அதைவிடக் கடினமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த வசனத்தைப் படித்துவிட்டு, அடிக்கிறவனுக்கு வசதியாகக் கன்னத்தைக் கொண்டுபோய்க் கொடு என்று அர்த்தம் பண்ணுகிறவர்களைவிட இந்த விளக்கக்காரர்கள் எவ்வளவோ மேல்.

உனக்கு எதிராக எடுத்து நீட்டக்கூடிய வசனம் இன்னொன்று இருக்கிறது. நானே சொல்லிவிடுகிறேன், யாராவது சொல்லும்போது நீ திகைக்கக் கூடாது. முதலாம் பேதுரு 2: "வேலைக்காரரே... முரட்டுக்குணமுள்ளவர்களுக்கும் கீழ்ப்படிந்திருங்கள்." தமிழில் 'வேலைக்காரர்' என்று வாசிக்கும்போது சம்பளக்காரர் என்று நினைத்துக்கொள்கிறோம். மூலத்தில் இருப்பது வீட்டு அடிமைகளைக் குறிக்கிற சொல். அவர்களுக்கு வேலையை விட்டுப் போக வழி கிடையாது, எஜமான்மேல் வழக்குப் போட வழி கிடையாது. எந்த வாசலும் இல்லாதவர்களிடம், உன் மனசையாவது அவன் கெடுக்காமல் பார்த்துக்கொள் என்று பேதுரு எழுதினார். உனக்கு வாசல் இருக்கிறது. வாசல் இருந்தவர்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு பவுலைப் பார். பிலிப்பி பட்டணத்தில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் சத்தமில்லாமல் போய்விடு என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமக்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிப்போகட்டும் என்றார். அதிகாரிகள் வந்து தயவாய்க் கேட்டுக்கொண்ட பிறகுதான் வெளியே வந்தார். முந்தின இரவு அதே சிறையில், அடிபட்ட முதுகோடு துதிப்பாட்டு பாடினவரும் அவர்தான். பாடினது விசுவாசம், அதிகாரியை வரவழைத்தது மாம்சம், அதாவது வெறும் மனுஷ சுபாவம் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் எங்கும் பிரித்துச் சொல்லவில்லை.

சிலுவை என்ற சொல்லை நாம் ரொம்ப மலிவாக்கிவிட்டோம். குடிகாரப் புருஷன் சிலுவை, மூட்டுவலி சிலுவை, சம்பளம் தராத முதலாளி சிலுவை. லூக்கா 9-இல் என்ன வினை இருக்கிறது என்று பார்: தன் சிலுவையை அனுதினமும் "எடுத்துக்கொண்டு". எடுப்பது நீ. ஒரு காரியத்துக்காக, தெரிந்தே, விலை என்ன என்று கணக்குப் பார்த்து எடுப்பது. இன்னொருத்தன் தன் லாபத்துக்காக உன் தலையில் ஏற்றுகிற சுமைக்கு வேதாகமத்தில் வேறு பெயர் இருக்கிறது: ஒடுக்குதல். எகிப்தில் இஸ்ரவேலர் செங்கல் அறுத்தபோது கர்த்தர் அதைச் சிலுவை என்று சொல்லவில்லை, அவர்கள் கூக்குரலைக் கேட்டேன் என்றார்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, பிறகு தேவசகாயம். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் மூலமாக விசுவாசத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது, காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தது எல்லாம் உனக்குச் சின்ன வயசிலேயே சொல்லியிருப்பார்கள். 1752 ஜனவரி 14-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு ஆலயத்தில் அடக்கம். 2022 மே 15-இல் ரோமில் புனிதர் என்று அறிவித்தார்கள். 'பிள்ளை' என்ற சாதிப் பெயரை அதற்கு முன்பே விட்டுவிட்டார்கள். நாம் தென்னிந்தியத் திருச்சபை என்கிற சிஎஸ்ஐக்காரர், கத்தோலிக்கர் இல்லை, புனிதர் பட்டமெல்லாம் நமக்கு இல்லைதான், ஆனாலும் அவர் நமக்கும் சொந்தம். விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பாடு அன்றைக்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை. அது சிலுவை, அவர் எடுத்தது. சேலைப் பிரிவில் உட்கார ஸ்டூல் தராததை அதோடு சேர்த்து வைக்காதே. அவருக்கு அது அவமானம், உன் முதலாளிக்கு அது அநியாயமான லாபம்.

இதே மண்ணில் அதற்கு எழுபது வருடம் கழித்து நடந்ததுதான் உன் கேள்விக்கு இன்னும் நெருங்கினது. தென் திருவிதாங்கூரில் மார்பை மூட உரிமை இல்லாத சாதிகளில் பிறந்த கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்கிற தைத்த மேல்சட்டை போட்டார்கள். அதன்மேல் மேல்சீலை என்கிற தோள்துணியும் போட்டார்கள். மேல்சாதிக்காரர் சந்தையில் அவர்கள் துணியைக் கிழித்தார்கள், ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் எரித்தார்கள். 1829-இல் அரசே மேல்சீலை போடக்கூடாது என்று ஆணை போட்டது. அந்தப் பெண்களும் அவர்களோடு நின்ற மிஷனரிமாரும் என்ன செய்தார்கள்? ஜெபித்தார்கள். மனுவும் எழுதினார்கள். பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடென்டுக்கு, திவானுக்கு, சென்னை கவர்னருக்கு. மறுபடி மறுபடி. 1859 ஜூலை 26-இல் மகாராஜா உத்திரம் திருநாளின் ஆணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்று ஒரு வால் இருந்தது. முழு உரிமை அன்றைக்கே வந்துவிடவில்லை. ஆனால் நீயும் நானும் சட்டை போட்டுக்கொண்டு களியக்காவிளையில் பஸ் ஏறுகிறோம் என்றால் அந்தப் பாட்டிமார் யாரும் "சகிச்சுக்கோ" என்று உட்காரவில்லை என்பதால்தான்.

(சபை எப்போதும் நியாயத்தின் பக்கமே நின்றது என்று நினைத்துவிடாதே. தென் திருவிதாங்கூரில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த லண்டன் மிஷன் மிஷனரி மீட் ஐயர் 1850-களின் தொடக்கத்தில் பறையர் குலத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை மணந்துகொண்டார். மிஷனிலிருந்து அவர் விலக வேண்டி வந்தது. அநியாயம் சபைக்கு வெளியே மட்டும் இருக்கிறது என்று யாராவது உனக்குச் சொன்னால் இதைச் சொல்லு.)

இனி என் வீட்டுக் கதை. எங்க அம்மா அண்டி ஆபீஸ்காரி, முந்திரித் தொழிற்சாலையில் வேலை. உங்க பாட்டியிடம் கேட்டால் தெரியும், கசுவண்டி தல்லுகிற, அதாவது முந்திரிக் கொட்டை உடைக்கிற கைக்கு நிறமே போய்விடும். ஓட்டிலிருக்கிற எண்ணெய் பட்டுப் பட்டு விரல் கருத்து, தோல் உரியும். சாயங்காலம் பருப்பை நிறுத்து, நிறைக்குத் தக்கதாய்க் கூலி. தராசில் ஏதோ கள்ளம் இருக்கிறது என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் அம்மா கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி, பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் கட்டிக்கொண்டு போனாள். கூட மூன்று பேர். நிறுக்கிறவனிடம், "மக்கா, முதல்ல இதை நிறுத்துக் காட்டு" என்றாள். தொளாயிரம் சொச்சம் காட்டியது. அம்மா நீதிமொழிகள் 11-ஐ அப்படியே ஒப்பித்தாளாம்: கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது. சத்தம் போடவில்லை. பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, "கர்த்தருக்கு மட்டுமில்லெ, எனக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரம் தராசு சரியானது. இரண்டு மாதம் கழித்து மறுபடி சரிந்தது, இவர்கள் மறுபடி சர்க்கரை வாங்கிக்கொண்டு போனார்கள். ராத்திரி பாயில் உட்கார்ந்து அந்த நிறுக்கிறவன் பெயரைச் சொல்லி ஜெபம் பண்ணுவாள். கேலியாக அல்ல. அவனுக்கும் நாலு பிள்ளைகள் இருந்தன.

அந்த அம்மாவுக்குப் பிறந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதி வாங்கினேன். நிர்வாகி உட்கார்ந்திருக்க, மற்ற வாத்தியார்கள் பார்க்க, அவர் வீட்டுப் பிள்ளைகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். யாராவது கேட்டால் "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்பேன். பெரிய பக்திமான் என்று பேர் கிடைத்தது. இப்போது யோசித்தால், என்னிடம் இருந்தது பக்தி இல்லை, வேலை போய்விடுமோ என்ற பயம். பயப்பட்டது தப்பில்லை, கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்ததுதான் தப்பு. எனக்குப் பின்னால் வந்த இரண்டு சின்ன ஆசிரியைகள் என்னைப் பார்த்து அதே மாதிரி கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பாரம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அதனால் காரியத்துக்கு வருகிறேன். கேரளத்தில் 2018-இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். அது கருணையில் வந்ததில்லை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் சேர்ந்த கடைத் தொழிலாளிப் பெண்கள், முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காரவும் வருடக்கணக்கில் நின்று வாங்கினது. எல்லாரும் மலையாளிப் பெண்கள். அதை முக்கியமாகச் சொல்கிறேன்: அந்த ஆள் உன்னைப் பாண்டி என்றால் உன் கோபம் மலையாளிகள் எல்லார் மேலும் திரும்பப் பார்க்கும். உன் பக்கத்தில் நிற்கிற நெய்யாற்றின்கரைக்காரிக்கும் அதே கால்வலிதான். தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் 2021-இல்தான் வந்தது, அவர்களைப் பார்த்து.

உடம்பைப் பற்றிப் பேசினது வேறு விஷயம், அதை ஸ்டூலோடு சேர்க்காதே. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் சட்டம் வந்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், தலைமை ஒரு பெண். உங்கள் கடையில் நூறு பேருக்கு மேல் இருக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், நடந்து மூன்று மாதத்துக்குள். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நடந்தது போன மாதம், ஆகையால் நாள் இருக்கிறது, ஆனால் ரொம்ப இல்லை. குழுவே இல்லை என்று கை விரித்தால் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது. 181-இல் கூப்பிட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். சம்பளப் பிடித்தத்துக்கு லேபர் ஆபீஸ்.

மத்தேயு 18-இல் முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்குச் சொல் என்று ஒழுங்கு இருக்கிறதே என்று கேட்பாய். அது சகோதரனுக்குள் நடக்கிற குற்றத்துக்கு. உன் உடம்பைப் பார்த்துப் பேசுகிற ஆளிடம் தனியாகப் போய் நிற்க வேண்டும் என்று எந்த வசனமும் சொல்லவில்லை. இரண்டாம் படியிலிருந்தே தொடங்கு. எங்க அம்மாகூட மூன்று பேரைக் கூட்டிக்கொண்டுதான் போனாள்.

வேலை போகலாம். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். சட்டம் இருக்கிறது என்பதும் அது உன் பக்கம் உடனே வந்து நிற்கும் என்பதும் ஒன்றல்ல. வீட்டில் உன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது என்றால், வேறு இடத்தில் வேலை சொல்லி வைத்துவிட்டுப் புகார் எழுதுவதும் ஞானம்தான். சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களாய் இருக்கவும் இயேசுதான் சொன்னார். கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க நீ தீர்மானித்தாலும் உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். உன் தீர்மானமாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

இனி ஜெபம். அவனுக்காக வாய் வரவில்லை என்கிறாய். வராவிட்டால் விடு. சங்கீதம் 13-ஐ எடுத்து வாசி: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" முறையிடுகிற, புலம்புகிற சங்கீதங்கள்தான் அந்தப் புத்தகத்தில் மற்ற எந்த வகையையும்விட அதிகம். அவற்றை நம் ஆராதனைகளில் பாடுவதே இல்லை, அதனால்தான் அழுவது அவிசுவாசம் என்று ஆகிவிட்டது. யோபுவின் கதையை முடிவு வரைக்கும் படி. கடவுளோடு வாதாடினவன் யோபு. பொறுத்துக்கொள், நீ ஏதோ தப்பு செய்திருப்பாய் என்று பக்தியாகப் பேசினவர்கள் அவன் நண்பர்கள். கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது நண்பர்கள்மேல். லூக்கா 18-இல் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது எப்படி என்று காட்ட இயேசு யாரை உதாரணமாக வைத்தார்? அநியாயக்கார நியாயாதிபதியிடம் போய்ப் போய் நின்று, எனக்கு நியாயஞ்செய்யும் என்று தொல்லை கொடுத்த விதவையை. ஜெபத்துக்கு அவர் வரைந்த படமே மனுவோடு நிற்கிற ஒரு பெண். அந்த அக்காவிடம் இதைக் காட்டிப் பார், சண்டைக்கு வேண்டாம், சும்மா வாசித்துக் காட்டு. அவருக்கும் வீட்டில் ஏதாவது இருக்கும், "சகிச்சுக்கோ" என்று அவருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

மன்னிப்பு தானாக வருகிற வேகத்தில் வரும். என் நிர்வாகிக்காக எனக்கு ஜெபிக்க முடிந்தது அந்தப் பள்ளியை விட்டுப் பதினோரு வருடம் கழித்து. அதுவும், "ஆண்டவரே, அந்த மனுஷனை நான் ரோட்டில் பார்க்காதபடி செய்யும்" என்றுதான் முதலில் ஜெபித்தேன். நீ சிரிப்பாய். ஆனால் அவர் பெயரை ஜெபத்தில் கொண்டுவந்ததே அன்றுதான். மன்னித்துவிட்டால் புகாரைத் திரும்ப வாங்க வேண்டுமா என்று யாராவது கேட்டால், வேண்டாம். அவன்மேல் வெறுப்பு இல்லாமல் புகார் கொடுக்க முடியும். அடுத்த சேலைப் பிரிவுக்காரிக்காகவும் அது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தேதி, நேரம், என்ன சொன்னார், யார் பக்கத்தில் இருந்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள். கண்ணீரெல்லாம் அதில் எழுத வேண்டாம், அதற்குச் சங்கீதம் இருக்கிறது. சம்பளச் சீட்டு ஏதாவது தந்தால் போனில் படம் எடுத்து வை. சனிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன், நெய்யாற்றின்கரைக்காரியையும் கூட்டிக்கொண்டு வா. புகாரை மலையாளத்தில் எழுத வேண்டியிருக்கும், என் மலையாளம் எழுத்துப்பிழை இல்லாதது.